கத்தாருக்குப் போன கூனி

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஏறாவூர்த் துறையிலிருந்து சுரிமுனைக்கு வந்த தோணியில் றஸீனா இருந்தாள். ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஐம்பது அறுபது குடிசைகள் கொண்ட ஊர் சுரிமுனை. ஏறாவூரிலிருந்து ஒரு பெண் அங்கே வந்து ஏழு வருடமாகியிருந்தது. தொண்ணூறாம் ஆண்டில் தமிழர் முஸ்லிம் கலவரத்தில் இரண்டு கரையிலும் சாவு விழுந்த பிறகு, அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தவர் மீராசாஹிப் என்ற வியாபாரி ஒருவர்தான். அவர் வெங்காயமும் செத்தல் மிளகாயும் கொண்டுவருவார், காய்ந்த கூனி வாங்கிப் போவார். அன்று அவருக்குப் பின்னால், தலைமூடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஒரு பையோடு றஸீனா சேற்றில் கால் வைத்தாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

இராசாத்தி அப்போது வளவில் பன்பாய்களை விரித்துக் கூனி பரப்பிக்கொண்டிருந்தாள். விரல் நகத்தைவிடச் சிறிய இறால் அது. மழை ஓய்ந்து வாவித் தண்ணீர் தெளியும் நாட்களில் கூட்டம் கூட்டமாகக் கரையை அண்டும். அவளுடைய புருசன் நல்லரத்தினம் இடுப்பளவு தண்ணீரில் நின்று சின்னக்கண் வலையால் அதை வாரிக்கொண்டு வருவான். மனிதன் அதிகம் பேசமாட்டான். அன்றைய கூனியை இறக்கிவிட்டு, ஈர உடுப்போடு கூடையை அலசிக்கொண்டிருந்தான்.

"இதுதானே இராசாத்தி அக்காட வளவு?"

"ஓம். நீங்க ஆரு புள்ள?"

"நான் றஸீனா. ஒங்கட கூனிய மீராசாஹிபு மாமா எனக்குத்தான் தாற. சம்பல் இடிச்சிக் கத்தாருக்கு அனுப்புற ஆள் நான்தான்."

இராசாத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றரை வருடமாகத் தன் கூனி போய்ச்சேருகிற வீட்டுக்காரி இவள்தானா! முப்பது வயதுதான் இருக்கும். முகத்தில் பயமும் கோபமும் ஒன்றாக இருந்தன.

"இரிங்க. முதல்ல தண்ணி குடிங்க. மறுகா பறைவம்."

றஸீனா உட்காரவில்லை. பையிலிருந்து நான்கு போத்தல்களை எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்தாள். ஒன்றைத் திறந்தாள். மூடியைக் கழற்றியதும் 'புஸ்' என்று சத்தம் வந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய சம்பலின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மணம் மூக்கில் ஏறியது. நல்லரத்தினம் கூடையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"கத்தார்ல இருந்து திரும்பி வந்த சாமான் இது. நோம்புப் பெருநாளுக்குப் போன பெட்டி முழுக்க இப்பிடித்தான். கொட்டச் சொல்லிட்டாங்களாம். இந்த நாலையும் ஊருக்கு வந்த ஒராள்ட்ட எங்கட ஆள் குடுத்தனுப்பி இரிக்கார், கண்ணால பாரு எண்டு."

அவளுடைய புருசன் சாலிஹ், நான்கு வருடமாகக் கத்தாரில் கட்டட வேலைக்காரர்களின் முகாமொன்றில் சமையல்காரன். ஒருமுறை றஸீனா ஜாம் போத்தலில் அடைத்து அனுப்பிய கூனிச் சம்பலை அவனோடு ஒரே அறையில் இருந்தவர்கள் ஒரே நாளில் தின்று தீர்த்தார்கள். முகாமுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த மலையாளி அந்தப் போத்தலை மோந்து பார்த்துவிட்டு, இப்படி மாதாமாதம் வருமா என்று கேட்டான். வறுத்த தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், உப்பு, கூனி என்று எல்லாவற்றையும் உரலில் இடித்து, அடைத்து, கொழும்பு போய் விமானத்தில் ஏறுகிற பெட்டியில் றஸீனா அனுப்பத் தொடங்கியது அப்படித்தான். இந்த வியாபாரம் நிலைத்துவிட்டால் அடுத்தவன் சமையலறையில் வெந்துகொண்டிருக்காமல் சாலிஹ் ஊருக்கு வந்துவிடலாம். அவர்களுடைய மகளுக்கு நான்கு வயது. வாப்பாவை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"எங்கட மாமி சொல்றா..." என்று தொடங்கிய றஸீனா நிறுத்திக்கொண்டாள்.

"என்ன சொல்றா?"

"ஒண்டுமில்ல அக்கா."

"சொல்லுங்க புள்ள. ஆத்தத் தாண்டி வந்திட்டீங்க. இனி என்ன?"

மீராசாஹிப் தொண்டையைச் செருமினார். "இவட மாமி ஹவ்வா உம்மா வயசான மனிசி. தொண்ணூறில ஒரு மகனப் பறிகுடுத்தவ. என்னத்தையாவது சொல்லுவா. அதப் புடிச்சிக்கிட்டு..."

"நாங்க கூனியில என்னத்தையும் கலந்துபோட்டம் எண்டு சொல்றாவா?" இராசாத்தி மெதுவாகத்தான் கேட்டாள்.

றஸீனாவின் கண் நிறைந்துவிட்டது. இராசாத்தி குடிசைக்குள் போய், அடுத்த கிழமை ஏற்ற வைத்திருந்த சாக்கை இழுத்து வந்தாள். கையை விட்டு ஒரு பிடி கூனியை அள்ளி வாயில் போட்டு மென்றாள். நறநறவென்று மண் பல்லில் அரைபட்டது. அந்தச் சத்தம் நால்வருக்கும் கேட்டது.

"நாங்களும் இதத்தான் தின்னுற தங்கச்சி. நஞ்சில்ல. ஆனா மண் இரிக்கி."

றஸீனா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். பிறகுதான் உட்கார்ந்தாள், தண்ணீரும் குடித்தாள். பைக்குள்ளிருந்து இன்னொரு பொருளை எடுத்தாள். கண்ணாடி போன்ற பொலித்தீன் பைக்கற், அதன்மேல் வளைந்து வளைந்து ஏதோ எழுத்து.

"தாய்லாந்துக் கூனி. அந்தக் கடைக்காரன் இப்ப இதத்தான் எடுக்கப் போறானாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்ன எங்கட சாமான ஒருக்கா அனுப்பிப் பாக்கட்டுமாம். அதிலயும் பிழ இரிந்தா இனி வேணாமாம். போத்தலும் வேணாமாம், உடையுதாம். சம்பலும் வேணாம், கூனிய மட்டும் இப்பிடிச் சுத்தமாக் காயவச்சி அனுப்பச் சொல்றான்."

நல்லரத்தினம் முதல்முறையாகப் பக்கத்தில் வந்தான். பைக்கற்றிலிருந்து நான்கைந்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். ஒரே அளவு, ஒரே நிறம். வாயில் போட்டான்.

"ருசி இல்ல," என்றான். பிறகு நேர்மையாகச் சொன்னான்: "மண்ணும் இல்ல."

றஸீனா இராசாத்தியின் சாக்கிலிருந்து ஒரு கூனியை எடுத்து இரண்டு விரலால் மடித்தாள். அது வளைந்தது. தாய்லாந்துக் கூனியை மடித்தாள். 'டிக்' என்று முறிந்தது.

"பாத்தீங்களா அக்கா? ஒங்கட கூனி இன்னும் ஈரம். பூஞ்சணத்துக்கு அதுதான் காரணம். வேற ஒண்டுமில்ல. நான் மாமிட்டச் சொல்லுவன்."

ஈரத்துக்கும் காரணம் இருந்தது. கூனியை விடியப்புறத்தில் வாரிவிட வேண்டும். அப்படி வாரினால் பகல் முழுக்க வெயில் கிடைக்கும், அந்தியாகும்போது காய்ந்துவிடும். ஆனால் காலை எட்டு மணிக்கு முன் ஒருவரும் ஆற்றில் இறங்கக் கூடாது என்று எதிர்க்கரையில் இருந்த ஆமி சட்டம் போட்டிருந்தது. வாரி, அலசி, பரப்புவதற்குள் மத்தியானமாகிவிடும். மிஞ்சுகிற வெயிலில் பாதிதான் காயும். மறுநாள் மீண்டும் பரப்புவதற்குள் உள்ளே கெடத் தொடங்கியிருக்கும். முன்பு காயவைத்த மேட்டுத் திடலில் இப்போது இக்கரையைப் பிடித்து வைத்திருந்த இயக்கத்தின் காவல் அரண் இருந்தது. அதனால் வளவின் புழுதியில்தான் பாய் விரிக்க வேண்டும். காற்றடித்தால் மண் ஏறும்.

அடுத்த இரண்டு கிழமையும் றஸீனா வாரத்துக்கு இருமுறை வந்தாள். துறையில் பையைக் கொட்டிச் சோதிப்பார்கள். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஏறாவூர்க்காரிக்கு அங்கே என்ன வேலை என்று இரண்டு கரையிலும் கேட்டார்கள். கூனி வாங்கப் போறன் என்று இரண்டு கரையிலும் ஒரே பதிலைச் சொன்னாள்.

பெண்கள் இருவரும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். தண்ணீரில் நாலு முறை அரித்தார்கள். மண் போனது, கூனியின் தலையும் போனது. பழைய வலையைக் கட்டில் மாதிரி இழுத்துக் கட்டி, நிலத்திலிருந்து இரண்டு முழம் உயரத்தில் பரப்பினார்கள். மண் பிரச்சினை அதோடு தீர்ந்தது, ஈரம் தீரவில்லை. இரும்புச் சட்டியில் வறுத்துப் பார்த்தார்கள். கருகிய கூனியை மென்ற நல்லரத்தினம் எழுந்துபோய் நாய்க்கு வைத்தான். நாய் மோந்துவிட்டுத் திரும்பிவிட்டது.

"அந்த நாய்க்கிட்டயே கேட்டிரிக்கலாம்," என்றாள் றஸீனா. இராசாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாவது கிழமை மழை வந்தது. மாரி போய்விட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த நேரத்தில், வாவிக்கு மேலே வானம் கறுத்து, வலைக்கட்டிலில் கிடந்த கூனியை எடுப்பதற்குள் கொட்டித் தீர்த்தது. தோணி நின்றுவிட்டது. மூவரும் குடிசைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இராசாத்தி சோறும், பச்சை மிளகாய் போட்ட கூனிச் சுண்டலும், வெள்ளரிக்காய்ச் சம்பலும் வைத்தாள். றஸீனா தயங்காமல் பிசைந்து சாப்பிட்டாள். வெளியே இரண்டு கூடை கூனி தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

"இனிச் சரிவராது போல அக்கா. தாய்லாந்துல மழையே பெய்யாதா? அவனுகளுக்கு மெசின் இரிக்கி. கரண்ட் இரிக்கி. நமக்கிட்ட என்ன இரிக்கி?"

இராசாத்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலைக்குக் கீழே, வளைமரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு பொதியில் அவள் கண் நின்றது.

"அகதி முகாம்ல இரிக்கக்குள்ள," என்றாள், யாரிடமோ சொல்வது போல, "மழ பெஞ்சாலும் புள்ளட துணி கூடாரத்துக்க காஞ்சிரும். கொஞ்ச வெயில் எட்டிப் பாத்தாக் காணும், உள்ளுக்க நெருப்பு. அந்தப் படங்குக்க..."

நல்லரத்தினம் கையைக் கழுவாமலே எழுந்தான். "அதத் தொடாத," என்றான். குனிந்து வாசலைத் தாண்டி மழைக்குள் இறங்கிப் போனான்.

றஸீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் புள்ள அக்கா?"

இராசாத்தி அவனுடைய தட்டை எடுத்து மூடி வைத்தாள். அதன் பிறகுதான் பேசினாள்.

"எங்களுக்கு ஒண்டு இரிந்திச்சி. தவராணி. ஏழு மாசம். தொண்ணூறில ஊரெல்லாம் ஓடக்குள்ள நாங்களும் ஓடி, பள்ளிக்கூட வளவொண்டில இரிந்தம். வெள்ளப் பொலித்தீன் படங்கு ஒண்டு நிவாரணத்துக்குத் தந்தாங்க. அதாலதான் கூடாரம். ஆவணி வெயில். நான் தண்ணிக்கு வரிசையில நிண்டன். அண்டைக்கு வரிசை சரியான நீளம். இவர் உள்ளுக்கப் புள்ளையோட இரிந்தவர். நான் வரக்குள்ள, சத்தம் போடாத, இப்பதான் நித்திர கொள்ளுது எண்டு சொன்னார்."

இராசாத்தி அவனுடைய தட்டை இன்னும் கொஞ்சம் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

"நித்திரையில்ல புள்ள அது. வெக்கையில காஞ்சி போயித்து. உடம்பில ஒரு சொட்டு வேர்வையில்ல. அண்டையிலிருந்து இவர் புள்ளட பேரச் சொன்னதில்ல. படங்க எறியவும் விடல்ல, எடுக்கவும் விடல்ல."

றஸீனா கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள். "அதே ஆவணியிலதான் என்ட தம்பியும்," என்றாள். "தொழப் பள்ளிக்கிப் போனவன், திரும்பி வரல்ல." இராசாத்தி எழுந்துபோய் அவளுடைய தட்டில் இன்னொரு அகப்பை சுண்டல் வைத்தாள்.

மழை விட்டு றஸீனா தோணியேறிய பிறகு, இருட்டுவதற்கு முன் நல்லரத்தினம் வந்து, நனைந்த துணியோடு ஒரு மூலையில் படுத்துவிட்டான். படங்கைப் பற்றி இனி வாயெடுப்பதில்லை என்று இராசாத்தி முடிவு செய்திருந்தாள். ஒரு கூனிக்காக அவனை இன்னொரு முறை அந்த இடத்துக்கு அனுப்ப அவளுக்கு மனமில்லை.

மறுநாள் காலை அவன் வழக்கத்துக்கு முன்பே போய்விட்டான். ஆற்றில் இறங்க முடியாத நேரம். எங்கே போனான் என்று தெரியவில்லை. எட்டு மணியளவில் தோளில் ஒரு கட்டுக் கம்பு சுமந்து வந்தான். கரையோரச் சேற்றில் நிற்கும் கண்ணா மரக் காட்டில் வெட்டிய கம்புகள், பட்டை உரித்து நேராக்கியிருந்தான். வளவின் நடுவில் போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்தபடி கேட்டான்:

"படங்கு எத்தின முழம் நீளம்? உனக்கு ஞாபகம் இரிக்கா?"

இராசாத்தி வாசலில் நின்றபடியே தலையை ஆட்டினாள். விரலால்தான் காட்டினாள், எட்டு.

பொதியை இறக்கியது அவள்தான். கழுவியதும் அவள்தான். ஏழு வருடப் புகை கழன்று படங்கு வெளுத்தது. நல்லரத்தினம் கம்புகளை நட்டு, மேலே கூராகச் சேர்த்துக் கட்டி, வலைக்கட்டிலை உள்ளே வைத்து, படங்கை மேலே போர்த்தி ஓரங்களுக்கு மண் அணைத்தான். வெளிவேலை எல்லாவற்றையும் செய்தான். உள்ளே மட்டும் போகவில்லை. கூனியைக் கொண்டுபோய்ப் பரப்புவது, கிளறுவது எல்லாம் பெண்களின் பாடு. அந்த நாட்களில் றஸீனா தினமும் வந்துபோனாள்.

முதல் நாள் தோல்விதான். உள்ளே கை வைக்க முடியாத சூடு இருந்தும், கூனி அவித்ததுபோல் பிசுபிசுத்தது. படங்கின் உட்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, கூனியின் மேலேயே சொட்டியது.

றஸீனா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "பிட்டு அவிக்கிற மாதிரி இரிக்கி அக்கா. ஆவி போக வழியில்ல. மேல ஒரு வாய் வேணும். கீழயும் ஒரு வாய் வேணும், காத்து உள்ளுக்க வர."

"ஈ இலையான் எல்லாம் வருமே?"

"வலையால கட்டுவம்."

மேலே முகட்டில் ஒரு சாண் திறந்துவிட்டார்கள். கீழே தெற்குப் பக்கத்தில் ஒரு முழம் தூக்கிக் கட்டி, இரண்டு வாய்க்கும் சின்னக்கண் வலை தைத்தார்கள். கறுப்பு நிறம் வெயிலைக் குடிக்கும் என்று நல்லரத்தினம் வெளியிலிருந்தே சொன்னான். வெற்றுக்காலோடு பகலில் கறுத்த தார் றோட்டில் நடந்தவர்களுக்கு அது தெரியும். உமிக்கரியை இடித்து, சாணத்தோடு கரைத்து, கூடாரத்தின் தரையை மெழுகினார்கள். மறுநாள் மத்தியானம் பரப்பிய கூனி, சூரியன் சாய்வதற்கு முன்னால் சலசலத்தது. இராசாத்தி ஒன்றை எடுத்து மடித்தாள்.

டிக்.

இன்னொன்றை எடுத்தாள். டிக். றஸீனாவும் எடுத்தாள். இருவரும் ஒரு பிடிக் கூனியை ஒவ்வொன்றாக முறித்துத் தீர்த்துவிட்டார்கள். பிறகுதான் விற்க வேண்டிய சாமான் என்ற நினைவு வந்தது.

ஆறாவது நாள் ஹெலிகொப்டர் வந்தது. கரையோரத்தில் வெள்ளையாக ஒரு கூடாரம் முளைத்திருப்பது மேலேயிருந்து பார்ப்பவனுக்கு என்னவாகத் தெரிந்ததோ! ஊருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. ஆட்கள் மரங்களுக்கடியில் ஓடினார்கள். நல்லரத்தினம் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தான். இராசாத்தி கூடாரத்துக்குள் இருந்தாள். வெக்கையில் காது அடைத்துப்போய், கூனியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். ஹெலி இரண்டாவது சுற்றுக்குத் தாழ்ந்தது.

வலையைப் போட்டுவிட்டு அவன் ஓடினான். ஏழு வருடமாக எட்டிப் பார்க்காத அந்தப் படங்குக்குள் தலையைக் குனிந்து புகுந்தான். அவளுடைய தோளைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்து, வேம்புக்கடியில் தள்ளி, தானும் மேலே விழுந்தான்.

மூன்றாவது சுற்றில் ஹெலி இன்னும் தாழ்ந்தது. காற்று படங்கைப் பிய்த்துத் தூக்கியது. உள்ளேயிருந்த வலைக்கட்டிலும் செக்கச் சிவந்த கூனியும் வெட்டவெளியில் கிடந்தன. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டது போல ஹெலி திரும்பிக் கிழக்கே போனது.

"எளும்புங்க," என்றாள் இராசாத்தி. "எளும்புங்க, போயித்து."

அவன் எழவில்லை. அவளுடைய முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "உனக்கு வேர்க்கிது," என்றான். "வேர்க்கிது என்ன? உனக்கு நல்லா வேர்க்கிது." அப்படிச் சொல்லிச் சொல்லி அவன் அழத் தொடங்கினான். இராசாத்தி அவனுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தலைமயிரில் ஒட்டியிருந்த கூனியை ஒவ்வொன்றாக எடுத்தாள். அந்தி வெயிலில் இருவரும் போய்ப் படங்கைத் திரும்பக் கட்டினார்கள். அன்றிலிருந்து கூனி கிளற அவனும் உள்ளே போனான். ஆனால் ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் உள்ளே நிற்க விடமாட்டான். வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான்.

பங்குனி பிறக்கும்போது கூனி ஏறாவூருக்குப் போனது. துறையில் ஒரு இளம் சிப்பாய் சாக்கை அவிழ்த்துக் கையை விட்டான். எடுத்து மோந்தான். முகம் மலர்ந்து, "கூனிஸ்ஸோ!" என்று சிங்களத்தில் சொன்னான். அவனும் எங்கோ கடற்கரையில் பிறந்தவனாக இருக்க வேண்டும். ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டு, போ என்று கையைக் காட்டினான். றஸீனாவின் வீட்டில் பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்து கூனியைக் குப்பை நீக்கித் தெரிந்தெடுத்தார்கள். பொலித்தீன் பையில் நிறைத்து, வாயை மடித்து, வாள் அலகொன்றை வைத்து, விளிம்பை மெழுகுதிரிச் சுடரில் ஓட்டி ஒட்டினார்கள். முதல் பத்துப் பையும் எரிந்து ஓட்டையாகின. பதினோராவது ஒட்டியது. ஹவ்வா உம்மா அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தா. போகும்போது ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தா.

பெட்டி போன பிறகு ஒரு மாதம் செய்தியில்லை. கூனியும் குறைந்துவிட்டது. நல்லரத்தினம் நண்டுக்குப் போனான். இராசாத்தி தோணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கரைக்குப் போய் வந்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நாலாம் நாள் மீராசாஹிப் வந்தார்.

"கசெட் ஒண்டு வந்திரிக்கி. சாலிஹ் பேசி அனுப்பினது. ரெண்டு பேரையும் கேக்க வரட்டாம். இஞ்ச கொண்டாந்தாப் பெட்டிக்குப் பற்றரி இல்லியே." இக்கரைக்குப் பற்றரி கொண்டுவர ஆமி விடுவதில்லை. பாட்டுப் பெட்டிகள் எல்லாம் ஊமையாகி வருடக்கணக்கு.

நல்லரத்தினம் யோசித்தான். தமிழ் ஆண் பிள்ளைகள் ஆமி நிற்கும் அந்தத் துறையைத் தாண்டுவது சின்ன விசயமில்லை. இராசாத்தி வேண்டாம் என்றாள். அவன் உள்ளே போய் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வந்தான்.

சோதனையில் ஒரு மணிநேரம் வெயிலில் நின்றார்கள். றஸீனாவின் வீட்டை அடைந்தபோது மத்தியானம். முன்னறையில் பாய் விரித்திருந்தது. றஸீனாவின் மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஹவ்வா உம்மா கதிரையில் உட்கார்ந்திருந்தா. வாங்க என்று தலையை மட்டும் அசைத்தா. றஸீனா பாட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் காற்றுச் சத்தம். பிறகு சலாம் சொல்லி ஒரு குரல் வந்தது. பிள்ளையைக் கேட்டது, உம்மாவின் கால்வலியைக் கேட்டது. அதற்குப் பிறகு: "கூனி வந்து சேந்திச்சி. கடக்காரன் ஒரு பைக்கற்ற உடச்சி, தாய்லாந்துக் கூனியையும் பக்கத்தில வச்சி, ரெண்டையும் திண்டு பாத்தான். மறுகா, இது மணக்குது, அது மணக்கல்ல எண்டு சொன்னான். நல்ல மணத்தத்தான் சொன்னான் றஸீனா, பயப்படாத. ஒரு மண் இல்ல. பெட்டி முழுக்க எடுத்திட்டான். மாசா மாசம் கேக்கான். எங்கட அறையில படுவான்கரைப் பொடியன் ஒருத்தன் இரிக்கான். அவன் ரெண்டு கூனிய வாயில போட்டுட்டு, இது எங்கட பக்கத்துச் சாமான் எண்டு அழுதான். அத ஆரு காயவச்ச? அவங்கட குரலக் கேக்கோணும் எண்டு அறையில எல்லாரும் சொல்றாங்க. பேசி அனுப்பு." அதன்பிறகு குரல் கொஞ்சம் தளர்ந்தது. "இஞ்ச இப்பவே வெயில் துடங்கிட்டு. தகரக் கூரை. பகல்ல வேல முடிஞ்சி வந்து படுக்க ஏலாம இரிக்கி. போன கிழமை ஒராள் மயங்கி விழுந்திட்டான். அல்லாஹ்ட காவல்."

நாடா முடிந்தது. றஸீனா மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டாள். குரல் பதிவாக இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்தி, பெட்டியை இராசாத்தியின் பக்கம் தள்ளினாள். "பேசுங்க அக்கா."

இராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கமும் சிரிப்பும். "எனக்கு ஏலாது. நீங்க பேசுங்க," என்று புருசனைப் பார்த்தாள்.

நல்லரத்தினம் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாடா சுற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி சாலிஹ்," என்றான். "நான் நல்லரத்தினம். சுரிமுனை. கூனி நல்லா இரிந்தெண்டு சொன்னீங்க, சந்தோசம். இன்னம் அனுப்புவம்." மூச்சு வாங்கினான். "தகரத்துக்குக் கீழ படுக்கிற எண்டு சொன்னீங்க. அதுதான் சொல்றன். பகல்ல ஒருத்தரையும் தனிய உள்ளுக்கப் படுக்க விடாதங்க தம்பி. அசையாமக் கிடந்தா நித்திர எண்டு நினைச்சிராதங்க. தட்டி எழுப்புங்க. ஏசினாலும் பறவாயில்ல, எழுப்புங்க. தண்ணி குடுங்க. தாகமில்ல எண்டு சொன்னாலும் குடுங்க. எங்கட மகள் தவராணி... எங்கட மகள் தவராணிக்கு ஏழு மாசம். எனக்கு அப்ப விளங்கல்ல."

இராசாத்தி அவனுடைய முழங்காலில் கையை வைத்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை ஓடிவந்து தாயின் மடியில் ஏறிக்கொண்டாள்.

கதிரை நகரும் சத்தம் கேட்டது. ஹவ்வா உம்மா எழுந்து, காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே போனா. பானைக்குள் குவளை முட்டும் ஓசை வந்தது. திரும்பி வந்து நல்லரத்தினத்துக்கு முன்னால் குனிந்து நின்றா. குவளை தளும்பிப் பாயில் சிந்தியது.

"வெயில்ல வந்த நீங்க," என்றா. "குடிங்க மகன்."

அவன் இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்தான். பெட்டி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் பதிவாகிக் கத்தாருக்குப் போனது.